கையில் பசை, காதில் கதை

முத்து காமிக்ஸ் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிமார்தான். அட்டையின் நிறம், வந்த மாதம், விலை, எந்தக் கடையில் வாங்கியது என்று எல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் படித்தவர்கள். கோவில்பட்டியில் எங்கள் வீட்டுப் பெண்கள் அவற்றைக் காதால் படித்தோம்.

எங்களுடையது தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. எங்கள் தெருவில் அன்றைக்கு ஒட்டாத வீடு குறைவு. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரச்சில்லும் தாளும் வாங்கி வந்து, அடிப்பெட்டி தனியாக, மேல்பெட்டி தனியாக ஒட்டிக் காயவைத்து, குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். குரோஸ் என்றால் 144. மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை இளநீல நிறத்தில் பலகையில் பரவியிருக்கும். அம்மா, அத்தை, ஆச்சி, பக்கத்து வீட்டு அக்காமார் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். கைக்கு ஓய்வு கிடையாது. காது சும்மா இருக்கும். ரேடியோவில் பாட்டு முடிந்த பிறகு அந்தக் காதுக்கு ஏதாவது வேண்டும். எழுத்துக்கூட்டாமல் மடமடவென்று வாசிக்கிற ஒருத்தி அதற்குத் தேவைப்பட்டாள். அந்த வேலை எனக்கு வந்தது. என் பங்குப் பெட்டியையும் அத்தையே ஒட்டிவிடுவாள். அண்ணன் கொண்டுவந்து போடும் காமிக்ஸை நான் உரக்கப் படிக்க வேண்டும்.

கதைப்புத்தகத்தைப் படித்துக் காட்டுவது சுலபம். காமிக்ஸ் அப்படியில்லை. பாதிக் கதை படத்துக்குள் இருக்கும். பலூனில் உள்ள வசனத்தை வாசித்துவிட்டு, "இப்போ அவன் குழாயைப் பிடிச்சு மாடிக்கு ஏறுறான்", "கை மட்டும் அந்தரத்துல வருது, ஆளைக் காணோம்" என்று நானே இட்டுக்கட்டிச் சொல்லியாக வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அத்தை கேட்டுவிடுவாள்: "ஏட்டி, அப்புறம் என்ன ஆச்சு?" அந்த "அப்புறம்" என்னைப் பக்கம் பக்கமாக விரட்டியது. ஒரு படத்தைக் கூட நின்று பார்க்க எனக்கு அவகாசம் இருந்ததில்லை.

அந்தப் புத்தகங்களை இப்போது மறுபடி படிக்கிறேன். சில மறுபதிப்புகள். சில, அண்ணனின் தகரப்பெட்டியில் ராமபாணப் பூச்சி தின்றது போக மிஞ்சியவை. ஒரு பழைய இதழில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்லப் பிரித்தபோது உள்ளே இளநீலத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. யாருடைய விரல் என்று தெரியாது. எங்கள் வீட்டுப் புத்தகம்தான் என்பதற்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

முதலில் எடுத்தது இரும்புக்கை மாயாவியை. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழே அவன்தான். ஆய்வகத்தில் உதவியாளனாக வேலை பார்த்த லூயிஸ் கிராண்டல் ஒரு விபத்தில் வலது கையை இழக்கிறான். கைக்குப் பதிலாக எஃகுக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். இது தமிழ்நாட்டில் என் வயதை ஒட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாத விஷயம். மின்கம்பியைப் பார்த்தால் அவன் நினைவு வராதவர் எங்கள் தலைமுறையில் உண்டா?

ஆனால் அவன் ஆரம்பத்தில் யார் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. முதல் கதையில் கிராண்டல் நல்லவன் இல்லை. தனக்குக் கிடைத்த சக்தியைக் கண்டதும் அவன் புத்தி திரும்பிவிடுகிறது. திருடுகிறான், மிரட்டுகிறான், ஊரே தேடும் குற்றவாளியாகிறான். நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகி உலகத்தைக் காப்பாற்றுவதெல்லாம் பிற்பாடு. எங்கள் வீட்டு வட்டத்தில் அவன் எப்போதும் நல்லவனாகவே இருந்தான். எப்படி என்று யோசித்தபோது அத்தை நினைவுக்கு வந்தாள். அவன் தப்புச் செய்கிற இடமெல்லாம் அவள் குறுக்கே பேசுவாள். "பாவம், கை போனவனுக்குக் கோவம் வராதா" என்பாள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் பக்கம் விபத்தில் கை போனவர்களை நாங்கள் தெரிந்தே வைத்திருந்தோம். அப்படி ஒருவர் எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். அத்தைக்குக் கிராண்டல் லண்டன்காரனாகத் தோன்றவில்லை. வேலை செய்த இடத்தில் கையைப் பறிகொடுத்த ஒரு ஆள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் படித்தால், முதல் கதை வில்லனின் கதையாக இல்லை. கை போன தொழிலாளியின் ஆத்திரம் எங்கே போய் நிற்கும் என்கிற கதையாக இருக்கிறது. அத்தையின் வாசிப்புதான் சரியென்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சில வசனங்களைப் புத்தகத்தில் தேடினேன். இல்லை. மாயாவி தன் இரும்புக்கையைப் பார்த்துத் தனியாகப் பேசுகிற ஒரு நீண்ட பேச்சு என் நினைவில் அப்படியே இருக்கிறது. எந்தப் பதிப்பிலும் அது கிடையாது. ஆச்சி அழுதுகொண்டே கேட்ட பேச்சு அது. படத்தில் அவன் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு என் வாயில் வந்ததை நானே பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. நாங்கள் நேசித்த புத்தகத்தில் பாதி சிவகாசியில் அச்சானது. மீதி எங்கள் திண்ணையில் உண்டானது.

இப்போது யாரும் "அப்புறம் என்ன" என்று கேட்பதில்லை. அதனால் முதன்முறையாகப் படங்களைப் பார்க்கிறேன். இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பார்க்கப் பார்க்க மலைப்பாக இருக்கிறது. ஒரு கட்டம். இருட்டு அறை, மேசை விளக்கு, அதன் வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் இரும்புக்கை ஒரு இழுப்பறையைத் திறக்கிறது. அறையின் மற்ற பகுதி முழுக்கக் கறுப்பு மை. அந்தக் கறுப்புக்குள் எங்கோ ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை அந்தக் கையின் மணிக்கட்டு வளைவிலிருந்தே புரிந்துகொள்ள முடிகிறது. தோள் எந்த உயரத்தில் இருக்கும், முதுகை எப்படி வளைத்திருப்பான் என்பது கூடத் தெரிகிறது. வரையாமல் விட்ட உடம்பைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியவைப்பது லேசான வித்தையா? அந்த வித்தையை நான் அன்று "கை மட்டும் வருது" என்று மூன்று சொல்லில் சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன்.

வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்த ஸ்பெயின்காரர். அவருடைய சகோதரர்களும் அவரோடு சேர்ந்து வரைந்திருக்கிறார்கள். தொடர் வெளியானது 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில், 1962இல். முதலில் எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. இங்கிலாந்தில் எழுதி, ஸ்பெயினில் வரைந்து, சிவகாசியில் தமிழாகி அச்சேறி, கோவில்பட்டித் திண்ணையில் வந்து விழுந்த கதை அது. சிவகாசியில் அச்சுத்தொழில் தழைத்ததே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத்தான். நாங்கள் ஒட்டிய பெட்டியின் மேல் ஏறுகிற லேபிளும், நாங்கள் கேட்ட மாயாவியும் ஒரே ஊரின் அச்சு எந்திரங்களிலிருந்து வந்தவை. சிறுமியாக இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பேன்.

இன்னொன்றும் இப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கதைகளில் சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவிக்கு ஒரு கண்டம் வரும். உயரத்திலிருந்து விழுவான், தண்ணீருக்குள் அகப்படுவான், மின்சாரம் தீர்ந்து உடம்பு தெரியத் தொடங்கும். வாரம் சில பக்கம் என்று வந்த தொடர் என்பதால், ஒவ்வொரு வாரமும் வாசகனை அந்தரத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மொத்தமாகத் தமிழில் படிக்கும்போது அதுவே மூச்சிரைக்கிற வேகமாக மாறியது. எங்கள் வீட்டில் அந்தக் கண்டங்கள் வேறொரு உபயோகத்துக்கு வந்தன. அங்கே நிறுத்தித்தான் அம்மா பெட்டிகளை எண்ணுவாள்.

இனி சொல்ல வேண்டியது சந்தோஷமான விஷயமில்லை.

இரும்பு மனிதன் ஆர்ச்சியை எடுத்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டித்தலையன் ஆர்ச்சி. கோட்டை வடிவத்தில் ஒரு கால எந்திரம், அதில் ஏறிப் போகும் வாய்த்துடுக்கான ரோபோ, கூட இரண்டு வெள்ளைக்கார நண்பர்கள். 1952இல் 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழின் முதல் இதழிலேயே பிறந்தவன் ஆர்ச்சி. அப்போது அந்தத் தொடருக்குப் பெயரே காட்டு ரோபோ என்ற பொருளில்தான் இருந்தது. கால எந்திரம் வருவதற்கு முன்னால் அவன் உலவியது பெரும்பாலும் காடுகளில். அந்தக் காட்டுக் கதைகளை இப்போது நிதானமாகப் பார்த்தேன். காட்டு மக்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாக ஓடுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து கிளம்பும் பலூன்களில் கூச்சலோ, பயமோ, "கடவுள்! இரும்புக் கடவுள்!" என்ற மாதிரியான அலறலோதான். தனியாக ஒரு முகம், தனியாக ஒரு பெயர், அமைதியாகச் சொன்ன ஒரு வாக்கியம் தேடினாலும் அபூர்வம். அந்த மண் அவர்களுடையது. கதை அவர்களுடையதாக இல்லை.

அவற்றை நான்தான் உரக்கப் படித்தேன். காட்டுமிராண்டிகள் என்ற சொல்லை எத்தனை உற்சாகமாக உச்சரித்திருப்பேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரிசல்காட்டு வெயிலில் கறுத்தவர்கள். படத்தில் ஓடுகிறவர்களின் நிறம் எங்கள் நிறம். துப்பாக்கியோடு நிற்கிற ஆளின் நிறம் எங்களுடையதில்லை. அந்த வட்டத்தில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. வெள்ளைக்காரன் பிழைத்துக்கொண்டான் என்று ஆச்சி பெருமூச்சு விடுவாள். கதை சொல்லும் முறைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. யார் தோளில் கதை ஏறிப் போகிறதோ அவர் பக்கம்தான் கேட்கிறவர் மனசும் போகும். ஏகாதிபத்தியம் பற்றிப் பிற்பாடு எத்தனையோ நூல்களில் படித்தேன். ஆச்சியின் அந்தப் பெருமூச்சு விளக்கியதை அவை எதுவும் எனக்கு விளக்கவில்லை.

வேதாளரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார். ராணி காமிக்ஸில் அவருக்கே மாயாவி என்று பெயர். 1936இல் லீ ஃபால்க் படைத்த வீரர். நானூறு வருஷமாக அப்பாவுக்குப் பின் மகன் என்று ஒரே முகமூடியை மாட்டிக்கொண்டு, சாவே இல்லாதவர் என்று காட்டு மக்களை நம்பவைத்து, மண்டையோட்டுக் குகையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர். சுற்றிக் காவல் நிற்பவர்கள் பந்தர் குள்ளர்கள். அவர்களுக்கு மட்டும்தான் ரகசியம் தெரியும். சிறு வயதில் அந்தக் குகையில் ஒருநாள் தங்கிவிட்டு வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. இன்றைக்கு அந்தச் சிம்மாசனத்தைப் பார்த்தால், இத்தனை தலைமுறையில் அந்தக் காட்டிலிருந்தே ஒரு நீதிமான் எழுந்து வரவில்லையா என்ற கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது.

ஆனாலும் ஃபால்க்கை ஒரே அடியாகத் தள்ளிவிட மனம் வரவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றபோது, தன் கற்பனை நாட்டிலும் தேர்தல் வைத்தார். லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவரை அதன் அதிபராக்கினார். அவர் எழுதிய இன்னொரு தொடரான மாண்ட்ரேக்கில் வரும் லோதாரும் அப்படித்தான். 1934இல் சிறுத்தைத் தோல் உடுத்திய வேலைக்காரனாக வந்தவன், 1965க்குப் பிறகு ஃபிரெட் ஃபிரெடரிக்ஸ் வரைந்த காலத்தில் தோழனாக நிமிர்ந்தான். இந்த மாற்றங்களை வரிசையாகப் பார்க்கிற வாய்ப்பு வயதான வாசகிக்குத்தான் கிடைக்கும். குழந்தைக்கு ஒவ்வொரு இதழும் தனித்தனி உலகம்.

இத்தாலியிலிருந்து வந்த டெக்ஸ் வில்லரை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1948இல் ஜியான் லூயிஜி பொனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய இந்த ரேஞ்சர், நவஹோ மக்களின் தலைவனும் கூட. அங்கே அவன் பெயர் இரவுக் கழுகு. மனைவி லிலித் ஒரு நவஹோ பெண். இங்கேயும் தலைவன் வெள்ளைக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் செவ்விந்தியர் நிலத்தைப் பறிக்க வரும் ராணுவத்தானையும் வியாபாரியையும் எதிர்த்து அவன் நிற்கிற கதைகள் நிறைய. அந்தக் காலத்து ஹாலிவுட் படங்களில் இதை எளிதில் பார்க்க முடியாது. இன்றைக்கும் டெக்ஸ் கதையை எடுத்தால் முடிக்காமல் என்னால் வைக்க முடிவதில்லை.

எங்கள் அத்தைக்குப் பிடித்தவள் மாடஸ்டி. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவள் அவள். அதே 1984இல் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு வந்து இறங்கியது. அண்ணன் கட்சி பாண்ட். நானும் அத்தையும் மாடஸ்டி. நான் அதற்குள் வளர்ந்துவிட்டேன், ஆனாலும் வாசிக்கும் வேலை போகவில்லை. தீப்பெட்டிச் சில்லு அட்டையாக மாறத் தொடங்கிய காலம் அது.

மாடஸ்டி ஏன் பிடித்தது என்று அத்தையிடம் கேட்டதில்லை. சண்டை போடுகிறாள், கார் ஓட்டுகிறாள், யாருக்கும் பயப்படுவதில்லை, அதனால்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. மாடஸ்டிக்கும் அவள் தோழன் கார்வினுக்கும் நடுவில் இருக்கும் உறவு. அவன் அவளை இளவரசி என்றுதான் கூப்பிடுவான். அவளுக்காக உயிரைக் கொடுப்பான், அவளும் அப்படியே. இருவரும் கணவன் மனைவி கிடையாது, காதலர்களும் கிடையாது, அண்ணன் தங்கை என்று சொல்லிச் சமாளிக்கிற உறவும் இல்லை. ஒரு ஆணும் பெண்ணும் வெறும் தோழர்களாக, ஒருவருக்கொருவர் சரிசமமாக, ஒரு நாளும் அதற்கு விளக்கம் சொல்லாமல் வாழ்கிறார்கள். அத்தை இருபது வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். எந்த ஆணிடமும் சிரித்துப் பேச அவளுக்கு அனுமதி இல்லை. கார்வின் வருகிற பக்கம் வந்தால் பசைக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அதை இன்னொருக்கா வாசி" என்பாள். ஏன் என்று இப்போது புரிகிறது.

மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓ'டானல் இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் பாரசீகத்தில் ராணுவத்தில் இருந்தார். அங்கே தன்னந்தனியாக நடந்துவந்த ஒரு அகதிச் சிறுமியைப் பார்த்தார். சாப்பாடு கொடுத்தார்கள், அவள் சாப்பிட்டுவிட்டுத் தன் வழியில் போய்விட்டாள். அந்தச் சிறுமி வளர்ந்தால் எப்படி இருப்பாள் என்ற நினைப்பு இருபது வருஷம் கழித்து, 1963இல் மாடஸ்டியாக வந்தது. பெயரில்லாத அகதிக் குழந்தை, பிறகு ஒரு குற்றக் கூட்டத்தின் தலைவி, பிறகு அதை விட்டவள் என்று கதையில் அவள் பூர்வீகம் போகிறது. ஜிம் ஹோல்டவே வரைந்த மாடஸ்டியின் முகத்தில் அந்தச் சிறுமி இருக்கிறாள். அழகி என்று சொல்லிவிட்டுப் போய்விடக்கூடிய முகம் இல்லை அது. எதிரியை அளந்து பார்க்கிற கண்கள், பட்டினி கிடந்து பழகியவள் போலச் சாப்பாட்டு மேசையில் உட்காருகிற விதம். நம் ஊர்ப் பதிப்புகளில் அவள் மேல் சில இடங்களில் மை தீற்றி ஆடையை நீட்டியிருப்பார்கள். அந்த மைக்கு மேலேயும் அந்தக் கண்கள் தெரிகின்றன.

புத்தகம் என்றால் காமிக்ஸ் மட்டும் இல்லையே. பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' எங்கள் தெருவில் கைமாறிக்கொண்டே இருந்தது. கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதியதை, மணியத்தின் படங்களோடு யாரோ சேர்த்துக் கட்டிவைத்த பிரதி. அன்று வந்தியத்தேவனின் குதிரை போகிற பாதையில் நாங்களும் போனோம். குந்தவையைக் கண்டு வியந்தோம், நந்தினியைத் திட்டினோம். இப்போது அந்த நாவலில் என்னைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெரிய பழுவேட்டரையர். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் வாங்கிய மனிதர், வயதான காலத்தில் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிட்டு, ஊர் சிரிப்பது தெரிந்தும் நிமிர்ந்து நடக்கப் பார்க்கிறார். இளம் வாசகிக்கு அவர் தடை. இந்த வயதில் பார்த்தால் நாவலிலேயே அதிகமாகத் துன்பப்படுகிறவர் அவர். இன்னொருத்தி மணிமேகலை. கந்தமாறனின் தங்கை என்று ஓரமாக வந்து போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்து பாகமும் சோழ சிம்மாசனத்துக்காக நடந்த பிறகு, கல்கி கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது அவளுடைய சாவில். பட்டாபிஷேகத்தை முடிவாக வைக்காமல் இந்தப் பேதைப் பெண்ணை வைத்தாரே, அது ஏன் அன்று எங்கள் யாருக்கும் பெரிதாகப் படவில்லை?

அம்புலிமாமாவைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். கதைகள் அப்படியே இருக்கின்றன, கொஞ்சமும் மங்கவில்லை. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் என்பது மட்டும் எனக்குப் புதிய செய்தி. 2020இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

ஸ்பைடரைச் சொல்லாமல் விட்டால் அண்ணன் வருத்தப்படுவான். கூர்மையான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, கூடவே கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும். குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன், பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடத் தொடங்குகிறான். கதைகள் இன்றைக்கு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஆளைப் பறக்கவிட்டும் கட்டிடத்தைச் சுருட்டியும் களைத்துப்போகிறது. ஆனால் 1965இல் டெட் கோவன் தொடங்கிவைத்த அந்தத் தொடரைப் பிறகு எழுதியவர் யாரென்று தெரிந்தபோது நெஞ்சு அடைத்தது. ஜெர்ரி சீகல். நண்பர் ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றார்கள். அதன் பிறகு அதன் மீது உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1975இல்தான் அவர்களுக்கு ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன. இடைப்பட்ட வருஷங்களில் பிரிட்டிஷ் வார இதழுக்குப் பெயரில்லாமல் அவர் எழுதியவைதான் எங்கள் ஸ்பைடர் கதைகள். உலகத்துக்கே சூப்பர் ஹீரோவைக் கொடுத்தவர் எழுதியதை எங்கள் திண்ணையில் வாசித்திருக்கிறேன். அது யார் எழுதியது என்று நான் சொன்னதும் இல்லை, அத்தை கேட்டதும் இல்லை. எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால்தானே.

அன்றைய பிரிட்டிஷ் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. 1970களின் பிற்பகுதியில் '2000 ஏ.டி.' போன்ற இதழ்கள் வந்த பிறகுதான் அங்கே அது மாறத் தொடங்கியது. மூலத்திலேயே இல்லாத பெயர் தமிழுக்கு எப்படி வந்து சேரும்? நம் பக்கத்திலும் மொழிபெயர்த்தவர்கள் வாசகர் கண்ணுக்குத் தெரியாதவர்களாகவே இருந்தார்கள். முத்து காமிக்ஸின் ஆரம்ப காலத்தில் உழைத்த முல்லை தங்கராசனின் பெயரே எனக்கு மிகப் பிந்தித்தான் தெரியவந்தது. சின்னப் பலூனுக்குள் அடங்க வேண்டும், பேச்சாகவும் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும். அந்த நெருக்கடிக்குள் அவர்கள் எழுதிய தமிழ் இவ்வளவு வருஷம் கழித்தும் உரக்கப் படிக்கத் தோதாக இருக்கிறது. நான் சோதித்துப் பார்த்தேன். எந்த வரியிலும் நாக்கு இடறவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கு ஒரு சொல் கூட விளங்காமல் போனதில்லை.

சிறு வயதில் எனக்கு மாயாவியும் ஸ்பைடரும் மாடஸ்டியும் தானாகப் பிறந்தவர்கள். மறுவாசிப்பில் அவர்கள் கொஞ்சம் சிறுத்துவிட்டார்கள், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பார்சிலோனாவில் விளக்கடியில் குனிந்து மை தோய்த்தவர், உரிமையைப் பறிகொடுத்துவிட்டுப் பெயரில்லாமல் எழுதியவர், சிவகாசியில் வசனத்தை வெட்டிச் சுருக்கிப் பலூனுக்குள் அடைத்தவர், பசைக்கோலை வைத்துவிட்டு "இன்னொருக்கா வாசி" என்றவள். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். தான் நேசித்த கதைகளை எழுதியவர், வரைந்தவர் பெயரில் ஒன்று கூடத் தெரியாமலேயே போனாள்.

பழைய இதழ்களைப் பரணில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், விலையேறும் என்று பூட்டியும் வைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படியுங்கள். ஆர்ச்சியின் காடு வரும்போது தாண்டிப் போகாமல் நின்று, அந்த மக்கள் ஏன் ஓடுகிறார்கள், அது யாருடைய ஊர் என்று பேசுங்கள். பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மறுபதிப்புப் போடுகிறீர்கள், நல்ல தாளில், நல்ல அட்டையில் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. அடுத்த முறை இரும்புக்கை மாயாவி வரும்போது, மாயாவியின் பெயருக்குக் கீழே, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், அட்டையிலேயே, ஓவியம் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று தமிழில் அச்சிடுங்கள். பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயரையும் போடுங்கள்.